எதையும் திருப்பி அனுப்பாதவர்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பெரிய பயன் இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற மனுஷி அவர். தர்மபுரியில் எங்கள் ஆபீசுக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவர், அக்காவை வேறு யாரோ ஒரு டீச்சர் என்று நினைத்துக்கொண்டு அந்த டீச்சரின் பெயரைச் சொல்லித்தான் கடைசிவரை கூப்பிட்டார். அக்கா ஒரு நாளும் திருத்தவில்லை. ஏன் சொல்லக் கூடாதா என்று கேட்டால், அவர் கூப்பிடறது என்னைத்தானே, அப்புறம் என்ன என்பார். டீ கேட்டுக் காபி வந்தால் காபியைக் குடித்துவிட்டு வருவார். பக்கத்தில் நின்று பார்க்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நானாக இருந்தால் டம்ளரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். பலமுறை அனுப்பியும் இருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர் மேல் பொறாமை. வியப்பு, மரியாதை என்று நல்ல பெயர்களாக வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. வெளியே வாய் நிறைய அக்கா, வாங்க, போங்க. மனசுக்குள் அவள், இவள்தான்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். ஒரு கல்லூரியை ஒட்டிய சின்னக் குழு நாங்கள். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், நாங்கள் போர் தண்ணீர் என்போம், ஃபுளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. களப் பணியாளர்கள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து, மீட்டரில் அளந்து, எண்ணை ஷீட்டில் ஏற்றி அனுப்புவார்கள். அதைப் படித்துக் கணக்குப் போட எங்களுக்கு ஒரு லைப்ரரி இருந்தது. புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை, கம்ப்யூட்டர் நிரல்களின் தொகுப்பு. நாங்கள் எழுதிப் பொதுவில் இலவசமாக வைத்திருந்தோம். எங்கெங்கோ இருக்கிற மாணவர்கள் அதை எடுத்துத் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் வருகிற எண்களை வைத்து, காவிரித் தண்ணீர்க் குழாயின் கிளை எந்த ஊருக்கு முதலில் போகவேண்டும் என்ற பட்டியலை எங்கள் சார் மேலிடத்துக்கு அனுப்புவார்.

அந்த லைப்ரரியின் முதல் பகுதிக்கு ரீடர் என்று பெயர். வருகிற ஷீட்டைப் படித்து, எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்கிற பகுதி. வாசல் காக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் அக்கா. உள்ளே நடக்கிற கணக்குகளை எழுதியவள் நான். கணக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசல் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏனென்றால் வெளியுலகம் பேசுவது வாசலில் இருப்பவரோடுதான்.

அக்காவின் ரீடர் அக்காவேதான். யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எண் கேட்ட இடத்தில் ஒருத்தர் "ஒன்றரை" என்று எழுத்தில் எழுதுவார், இன்னொருத்தர் "1.2 இருக்கும்" என்பார். அளவு எடுக்க முடியவில்லை என்றால் வெற்றிடம் விடவேண்டும் என்பது விதி. அதற்கு இவர்கள் "இல்ல", இங்கிலீஷ் "நில்", "பாட்டில் ஒடஞ்சிருச்சி" என்று எழுதுவார்கள். ஒருமுறை "நாய் தள்ளி வுட்டுருச்சி" என்று வந்தது. அக்கா உட்கார்ந்து அந்த நாயையும் பட்டியலில் சேர்த்தார். அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த நாய் தள்ளிவிட்டாலும் எங்கள் லைப்ரரிக்குப் புரியும்.

நிரலின் நடுவே எழுதுகிற குறிப்புகள் கூட ஊர்ப்பேச்சு மாதிரி இருக்கும். பாலக்கோட்டு ஆள் மாதத்தை முன்னால் போட்டுத் தேதி எழுதுவார், பழைய கம்பெனிப் பழக்கம், விட்டுவிடலாம் என்று ஒரு குறிப்பு. பென்னாகரத்துத் தம்பி அவசரத்தில் ஊர்ப் பெயரைப் பாதியில் நிறுத்துவான், மீதி இதுதான் என்று இன்னொன்று. இது விஞ்ஞானமா, குடும்ப விசேஷமா என்று நான் சாரிடம் கேட்டிருக்கிறேன். சார் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

எண்ணை எடுத்துக்கொண்டது போக மிஞ்சுகிற சொற்களை அக்காவின் ரீடர் தூக்கிப் போடாது. மிச்சம் என்று ஒரு தனிப் பத்தியில் ஒதுக்கி வைக்கும். சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பத்தியை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பாலக்கோட்டு பஸ்சுக்குப் போவார். நடுவில் தானாகச் சிரிப்பார். என்னங்க்கா என்றால் ஒண்ணுமில்லம்மா என்பார். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு இல்லை.

களப் பணியாளர்கள் பேச வந்தால் அக்காவிடம்தான் நிற்பார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், எல்லைப் பக்கத்து ஆட்களிடம் கன்னடம். வருகிறவர் எதில் ஆரம்பித்தாலும் அதிலேயே போவார். எப்போதும் ஒரே பேச்சு: "எப்படி இருந்தாலும் குடுங்க, நான் பாத்துக்கறேன்." மாங்காய்க் காலத்தில் அவர் மேஜைக்கு அடியில் கால் வைக்க இடம் இருக்காது. ஒருத்தர் தேன் கொண்டுவருவார், ஒருத்தர் ராகி மாவு. என் மேஜைக்கு ஷீட் வரும். அக்கா எல்லாவற்றையும் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார் என்பது வேறு விஷயம். பங்காக வந்த மாங்காயை நான் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும், எரிச்சலோடுதான் சாப்பிடுவேன்.

ஒருமுறை என் அம்மா என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்திருந்தார். நான் மீட்டிங்கில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அக்காவும் அம்மாவும் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா போனபிறகு அக்கா மெதுவாகச் சொன்னார், அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம், தலை சுற்றுகிறதாம், பார்த்துக்கோ என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்! பெற்ற மகளிடம் சொல்லாததை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? வீட்டுக்குப் போனதும் கேட்டேன். எந்த மாத்திரை, எப்போதிருந்து, யார் நிறுத்தச் சொன்னது என்று வரிசையாகக் கேட்டேன். அம்மா, ஒண்ணுமில்ல போ, என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் கருத்து எழுதும் பொதுப் பக்கத்திலும் இதே கதைதான். என் ஃபைல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் உங்கள் ரீடர் முகம் சுளிக்காமல் படித்துவிட்டது, நன்றி என்று யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். என் கணக்குப் பகுதிக்கு ஒரு நன்றியும் வந்ததில்லை. கணக்குச் சரியாக இருப்பதற்கு யார் நன்றி சொல்வார்கள்?

அப்புறம் அரூர்ப் பக்கம் அந்தச் சம்பவம் நடந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கையில் ஒரு வெளிநாட்டு மீட்டர். அது புள்ளி வைக்கும் இடத்தில் கமா போட்டுக் காட்டும். ஒரு பள்ளிக்கூடத்து போர் தண்ணீரை அளந்து, மீட்டர் காட்டியபடியே 1,4 என்று அனுப்பியிருக்கிறாள். எல்லை ஒன்றரை, அதற்குக் கீழே என்றால் குடிக்கலாம். ஆனால் அக்காவின் ரீடருக்குக் கமா என்றால் ஆயிரத்தைப் பிரிக்கிற கமாதான். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை நம் ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள். கமாவைத் தட்டிவிட்டு, பதினான்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு சத்தமும் போடவில்லை. பதினான்கு என்றால் விஷம். அறிக்கை போனது, பள்ளிக்கூடத்துக் குழாயைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வெயிலில் ரோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்தார்கள். தவறு தெரிந்து பூட்டைத் திறப்பதற்குள் ஊரே கொதித்துப்போயிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் தண்ணீருக்கு அலைந்தது சந்தோஷமா என்று கேட்காதீர்கள். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம். சந்தேகம் வந்தால் ரீடர் நிற்க வேண்டும், நின்று கேட்க வேண்டும், தானாக ஊகிக்கக் கூடாது. அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாரிடம் இதைச் சொன்னேன். அக்கா மறுக்கவில்லை. அன்றே அரூருக்கு பஸ் ஏறினார். ஊர்க்காரர்கள் நடுவில் நின்று, தப்பு என்னோடதுங்க, மீட்டர் எடுத்த பொண்ணு மேல ஒண்ணுமில்ல என்று சொன்னாராம். கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் ஒரு பை நிறையப் புளியோடு வந்து நின்றார். திட்டித் தீர்த்தபிறகு கொடுத்தனுப்பினார்களாம். தப்புக்கு மன்னிப்புக் கேட்கப்போன இடத்தில் புளி வாங்கி வருகிறவளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஆனாலும் வாசல் என் கைக்கு வந்தது. இனிமேல் ரீடர் கறாராக இருக்கட்டும், நீயே எழுது என்றார் சார். நான் ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அக்கா தன் நிரலை எனக்குத் திறந்து காட்டி, எந்தெந்த ஆள் எப்படி எழுதுவார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நீ எழுதினா சுத்தமா இருக்கும்மா என்றார். அதில் கிண்டல் இருக்கிறதா என்று முகத்தைத் துழாவினேன். இல்லை. சண்டையில் ஜெயிக்கிற சந்தோஷத்தைக் கூட எனக்குத் தரமாட்டேன் என்கிறாளே என்று அன்றைக்கு அழுகையே வந்தது.

என் ரீடர் அழகாக இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை. எண் கேட்ட இடத்தில் எண் மட்டும். கமா வந்தால் நிற்கும். தேதி மாறினால் நிற்கும். ஒரு எழுத்து ஒட்டியிருந்தாலும் நிற்கும். எந்த வரியில் என்ன பிழை என்று தெளிவான தமிழில் சிவப்பாகக் காட்டும். மிச்சம் என்ற பத்திக்கு வேலையே இல்லை, எடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் எல்லோரும் புலம்பினார்கள். ஷீட்டு திரும்பித் திரும்பி வருது மேடம் என்றார்கள். சரியாக எழுதினால் ஏன் வரப்போகிறது என்றேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள். ஷீட்டுகள் கழுவித் துடைத்த மாதிரி வர ஆரம்பித்தன. நாய் தள்ளிவிடுவது அடியோடு நின்றுபோனது.

மாதேஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னாகரத்துக்கு மேலே இருக்கிற மலையூர்களுக்கு அவன்தான் களப் பணியாளன். பாதி கன்னடம் பாதி தமிழ், வாய் ஓயாது. அவனுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அந்த மலையூர்களில் ஒன்றில்தான். அந்த ஊரின் போர் தண்ணீர் பழைய அளவுகளிலேயே மோசம். குழாய் முதலில் போகவேண்டிய ஊர்களில் ஒன்றாக இருந்தது. அவன் அக்கா பிள்ளைகளுக்கும் பல்லில் கறை விழுந்துவிட்டது, கடைக்குட்டிக்காவது விழாமல் இருக்க வேண்டும் என்று ஆபீசுக்கு வரும்போதெல்லாம் சொல்வான். என்னிடம் இல்லை, எங்கள் அக்காவிடம். பக்கத்து மேஜை என்பதால் என் காதிலும் விழும்.

பட்டியலை முடிவு செய்கிற மீட்டிங். என் ரீடர் வழியாக வந்த புது அளவுகளை நான் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த மலையூருக்கு 0.6 என்று வந்திருந்தது, அதற்கு அடுத்த மாதமும் கிட்டத்தட்ட அதேதான். நல்ல தண்ணீர். புது மழையில் நீர் மட்டம் ஏறியிருக்கலாம் என்று விளக்கம் கூடச் சொன்னேன். அப்படியானால் இந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சார். பேனாவால் அடிக்கப்போனார். கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா வாயைத் திறந்தார்.

"அந்த ஊர எடுக்காதீங்க சார். அது போர் தண்ணி இல்ல, ஊத்துத் தண்ணி."

எப்படித் தெரியும் என்றார் சார். மாதேஷ் சொன்னான் என்றார் அக்கா. பம்ப் ரூம் சாவி வைத்திருக்கிறவர் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். போர் திறக்க முடியாமல் மாதேஷ் தன் அக்கா வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவள் மலை ஊற்றிலிருந்து சுமந்து வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்திருக்கிறாள். அவனும் நேர்மையாக "0.6 ஊத்துத் தண்ணி" என்றுதான் எழுதியிருக்கிறான். ரீடர் சிவப்புக் காட்டியிருக்கிறது. எழுத்தை அழித்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பியிருக்கிறான். ஏற்றுக்கொண்டுவிட்டது.

எனக்குக் காது சுட்டது. டேட்டாவில் இல்லாததையெல்லாம் மீட்டிங்கில் பேசக் கூடாது என்றேன். என் ரீடரில் ஒரு தவறும் இல்லை, எண் கேட்ட இடத்தில் எண்தான் எழுத வேண்டும் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உன் மேல தப்புன்னு யாரும் சொல்லலம்மா என்றார் அக்கா. அதைவிடத் திட்டியிருக்கலாம். பட்டியல் போக இரண்டு நாள் இருந்தது. போய் அளந்துட்டு வா என்று சார் என்னையே அனுப்பினார்.

மாதேஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒகேனக்கல் ரோட்டில் கொஞ்சம் போய் மலைப்பாதையில் ஏறினோம். ஆபீசில் அக்காவிடம் வாய் ஓயாமல் பேசுகிறவன், என்னோடு வரும்போது பள்ளம் மேடம், பிடிச்சிக்கோங்க மேடம் என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அவன் அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டு, வேலை நினைப்பு வந்து, இது எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"ஊத்துத் தண்ணிதானுங்க. வூட்டுக்கு வந்தவங்களுக்கு போர் தண்ணியவா குடுப்பாங்க?" என்றாள்.

அவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் கையால் மேட்டைக் காட்டினாள். போர் குழாய்த் தொட்டி அங்கே இருந்தது. ஊற்றுக்கு ஏறி இறங்குவது பாடு, வருகிறவர்களுக்கென்று ஒரு குடம் எப்போதும் மூடி வைத்திருப்போம் என்றாள். கடைக்குட்டி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. பால்பல் விழுந்து முன்னால் புதுப்பல் இரண்டு வந்திருந்தது. இரண்டிலும் இன்னும் கறை இல்லை, பக்கத்தில் நின்ற அண்ணன்காரன் வாயைத் திறக்கவே இல்லை. நினைத்த நேரம் வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போகிற சாவிக்காரரின் தம்பியைக் கண்டுபிடித்து, பம்ப் ரூமைத் திறந்து, நானே தண்ணீர் பிடித்து அளந்தேன். மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் அளந்தேன். குடிக்கிற தண்ணீரே இல்லை அது.

இறங்கி வரும்போது ஒரு வளைவில் பைக்கை நிறுத்தச் சொன்னேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஷீட்டில் எழுதத்தான் முடியவில்லை, என் நம்பர் உன்னிடம் இருக்கிறது, பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், உன் அக்கா பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர், என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். மாதேஷ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பயந்த மாதிரியும் இல்லை, குத்திக்காட்டுகிற மாதிரியும் இல்லை.

"உங்ககிட்ட சொன்னா எர்ரர் வருதுங்க மேடம்" என்றான்.

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரத்தில் அவன் ஃபோன் அடித்தது. எங்கள் ஆபீஸ் அக்காதான். ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான். போர் அளவு, சாவிக்காரர் தம்பியின் குடி, சொந்த அம்மாவின் முட்டி வலி, மலையில் யானை நடமாட்டம், எல்லாவற்றையும் கன்னடத்தில் கொட்டினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. வண்டியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன்.

ஊர் பட்டியலில் நின்றது. குழாய் வேலை மேடு வரை வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லோரும் அக்காவைப் பாராட்டினார்கள். நேரில் போய் அளந்தவள் நான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாதேஷ் ஒரு பலாப்பழம் கொண்டுவந்தான். அக்கா எனக்குத்தான் பெரிய பங்கு வைத்தார்.

கறார் ரீடர் அப்படியே இருக்கட்டும், ஆனால் ஏதாவது செய் என்றார் சார். நான் ஷீட்டில் புதிதாகக் குறிப்பு என்று ஒரு பத்தி திறந்தேன். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எந்த மொழியிலும் எழுதலாம், சிவப்பே வராது. பக்கத்தில் சொன்னவர் பெயர் என்று ஒரு கட்டம் மட்டும் கட்டாயம் வைத்தேன். யார் சொன்னது என்று தெரியாத பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. எல்லோருக்கும் ஃபோன் செய்து நானே சொன்னேன், நாய் தள்ளிவிட்டாலும் எழுதுங்கள் என்றேன். சரிங்க மேடம் என்றார்கள்.

அதற்கடுத்த வருஷம் அக்காவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிளம்பும் நாளில் டீக்கடைக்காரர், டீச்சருக்கு மாற்றலா என்று கேட்டார். ஆமாங்க என்றார் அக்கா. அவர் மேஜை காலியானதும், இனிமேல் எல்லோரும் என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அதற்காகக் காத்தும் இருந்தேன்.

குறிப்புப் பத்தி மாதா மாதம் காலியாகவே வந்தது. எண்கள் சுத்தம், தேதிகள் சுத்தம், குறிப்பு வெறுமை. சந்தேகத்தில் நிரலைச் சோதித்துப் பார்த்தேன், எங்கேயாவது விழுங்குகிறதோ என்று. விழுங்கவில்லை. ஒருத்தரும் எழுதவில்லை, அவ்வளவுதான். மாதேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். எழுத ஒண்ணும் இல்லீங்க மேடம் என்றான்.

போன வாரம் பழைய நிரலில் ஒரு சந்தேகம் என்று சாக்கு வைத்து அக்காவுக்கு ஃபோன் செய்தேன். சந்தேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் என் அம்மாவின் பிரஷரை விசாரித்தார். சாரை, புதிதாகச் சேர்ந்தவர்களை விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, மாதேஷ் முந்தாநாள் பேசினான் என்றார்.

"கீழத்தெரு மோட்டாரு எரிஞ்சிபோச்சாம்மா. பக்கத்துக் கெணத்துத் தண்ணியத்தான் புடிச்சி அளந்தானாம். உங்கிட்ட சொல்லிட்டான்ல?"

"சொன்னான்க்கா. அன்னைக்கே சொல்லிட்டான்" என்றேன்.

அப்பாடா, இப்பல்லாம் உங்கிட்ட நல்லா பேசறானா, சந்தோஷம்மா என்றார் அக்கா. நிஜமாகவே சந்தோஷப்பட்டார், குரலிலேயே தெரிந்தது. நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

ஃபோனை வைத்துவிட்டு மாதேஷ் அனுப்பிய ஷீட்டைத் திறந்தேன். கீழத்தெரு போர் என்ற வரிக்கு நேரே ஒரு சுத்தமான எண் இருந்தது, குறிப்பு காலி. மோட்டார் எரிந்துவிட்டது, இது பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் என்று நானே தட்டினேன். சொன்னவர் பெயர் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. மாதேஷ் என்று போட்டேன். என் ரீடர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.